மௌனத்துக்கு எத்தனை மதிப்பெண்

அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தவன் அவளுடைய தம்பி. சின்ன வயதில் ஒரு பிஸ்கட்டைப் பாதியாக உடைக்கச் சொன்னால் போதும். உடைத்து, இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெரிய துண்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிச் சரிசெய்த பிறகுதான் அவன் கையில் கொடுப்பாள். சுரண்டிய தூளை அவளே தின்றுவிடுவாள் என்பது தம்பியின் நெடுநாள் புகார். ஆதாரம் எங்கே என்று கேட்பாள். தூளுக்கு ஏது ஆதாரம்? அவன் முறைத்துக்கொண்டே தன் பாதியைத் தின்பான்.

இப்போது அவளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. எடை போடுவதே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. நகரத்தின் ஆங்கிலத் தேர்வு மையத்தில் அவள் பேச்சுத் தேர்வு நடத்துகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து உட்காருவார், தொண்டையைச் செருமிக்கொள்வார். தராசு ஓர் அட்டையை நீட்டுவாள். அதில் ஒரு தலைப்பு இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். பேசுகிறவர் அழுதாலும் சிரித்தாலும் இவள் முகம் மாறக் கூடாது. தலையாட்டக் கூடாது. 'நல்லது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. நேரம் ஆனதும், எதிரில் இருப்பவர் செத்துப்போன அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, வாக்கியத்தின் நடுவிலேயே 'தேங்க் யூ' என்று நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் அந்த மையத்தின் விதிகள். மற்றவர்கள் அங்கங்கே ஒரு புன்னகையை நழுவவிடுவார்கள். தராசு விடமாட்டாள்.

"அந்தம்மா எதிர்ல உட்கார்ந்தா செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு" என்று தேர்வுக்கு வந்தவர்கள் வெளியே போய்ச் சொன்னது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. அவள் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பார்த்து, அளவு சொல்லி, மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவர். "உப்பு ஜாஸ்தின்னு சொன்னாக்கூட, எதை வச்சு சொல்றீங்கன்னு கேட்பா. நான் பேசாம தண்ணி குடிச்சுக்குவேன்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை.

மதிப்பெண் போதாது என்று எதிர்த்துக் கேட்பவர்களுக்கு மறுமதிப்பீடு உண்டு. பேசியதன் ஒலிப்பதிவு வேறோர் ஊர் மையத்தில் இருக்கும் தேர்வாளரிடம் போகும். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். பழைய மதிப்பெண்ணும் தெரியாது. அநேகமாக மயிரிழையில் தவறியவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். அந்த வேலைக்கென்று மாடியில் சின்னச் சின்ன அறைகள் இருந்தன. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, ஆள் நுழையக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு நாற்காலி, காதுப்பக்கம் தோல் உரிந்த ஒரு ஹெட்போன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் உலகமே வாயைப் பொத்திக்கொண்டது போல இருக்கும். தராசுக்கு அந்த அறை ரொம்பப் பிடிக்கும்.

அன்று காலை அவளுக்கு வந்தது ஒரு பெண்ணின் குரல்.

முதலில் வழக்கமான கேள்விகள். என்ன வேலை செய்கிறீர்கள்? அந்தப் பெண் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். அவள் நர்ஸ். வேலை பார்த்த சின்ன மருத்துவமனையை மூடிவிட்டார்கள். பெரிய மருத்துவமனையில் இடம் கிடைத்தது. ஆனால் இந்தத் தேர்வில் தேறிய சான்றிதழ் இல்லாமல் நோயாளியின் பக்கத்தில் போக முடியாது. அதனால் இப்போதைக்கு அடித்தளத்தில் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். மேலே நோயாளிகள் இருக்கிறார்கள், கீழே அவர்களுடைய விரிப்புகள் எனக்கு வருகின்றன, விரிப்பைப் பார்த்தாலே அவர்களுக்கு எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரிகிறது என்றாள். இலக்கணம் இரண்டு இடத்தில் சறுக்கியது. உச்சரிப்பு தெளிவு. தராசு பேனாவைத் திறந்து தாளில் குறித்துக்கொண்டாள். தேறுகிற ஆள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

பிறகு அட்டை. 'நீங்கள் சந்தித்த மிகக் கடினமான சோதனையைப் பற்றிப் பேசுங்கள்.'

"என்னுடைய கடினமான சோதனை பள்ளிக்கூடத்தில் நடக்கவில்லை" என்று அந்தக் குரல் தொடங்கியது. "என் கணவரின் வீட்டில் நடந்தது."

மாமியார் கதை என்று தராசு நினைத்தாள். இந்தத் தலைப்புக்கு வாரம் ஒரு மாமியாராவது வந்துவிடுவார்.

"என் மாமியார் நல்லவர். சோதனை வைத்தது அவருடைய மகள், என் கணவரின் அக்கா. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதல் தடவை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் இடம் போதவில்லை. தையல் மெஷினை மடக்கி, மேலே துணி விரித்து, எனக்கு அங்கே இடம் கொடுத்தார்கள்."

பேனா நின்றது. தையல் மெஷின் இல்லாத வீடு உண்டா, எத்தனையோ வீட்டில் இருக்கும் என்று தராசு தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"அக்கா ஆங்கிலம் படித்தவர். சாப்பிட்டு முடித்ததும், சும்மா விளையாட்டுக்கு ஐந்து வார்த்தை கேட்கிறேன், அர்த்தம் சொல்லு பார்க்கலாம் என்றார். டெஸ்ட், அட்டெஸ்ட், கான்டெஸ்ட், புரொட்டெஸ்ட், டெஸ்டிஃபை."

அதன் பிறகு குரல் இல்லை. ஒலிப்பதிவில் மின்விசிறியின் இரைச்சல் மட்டும் ஓடியது. தேர்வாளரின் நாற்காலி ஒருமுறை முனகியது. அந்த மௌனம் அவ்வளவு நேரம் நீண்டதில், பதிவு நின்றுவிட்டதோ என்று யாரும் சந்தேகப்பட்டிருப்பார்கள். தராசு சந்தேகப்படவில்லை. அவள் இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மேசைக்கு அடியில் என் கால் மெஷினின் மிதியில் இருந்தது" என்று குரல் திரும்பி வந்தது. "எனக்குத் தெரியாமலே கால் ஆடியது. சக்கரம் கீச் கீச் என்றது. நான் பயப்படுவது எல்லாருக்கும் கேட்டது. எனக்கு டெஸ்ட் தெரியும். நர்ஸுக்குத் தெரியாதா? ரத்தம், சிறுநீர், எல்லாம் டெஸ்ட்தானே. சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவரைப் பார்த்தேன், என் கணவரை. அவரும் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது."

மறுபடி மௌனம். இந்தத் தடவை மூச்சை இழுக்கும் சத்தம் ஒன்று, ஹெட்போனை அழுத்திப் பிடித்தவர்களுக்கு மட்டும் கேட்கும்.

"பிறகு அக்காவே விளக்கிச் சொன்னார். மற்ற நாலு வார்த்தையும் ஒரே குடும்பம், சாட்சி என்ற வேரில் பிறந்தவை. டெஸ்ட் மட்டும் அந்தக் குடும்பம் இல்லை. உலோகத்தைச் சோதிக்கும் மண்சட்டியிலிருந்து வந்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வெளியாள் என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் இதைச் சொன்னால் எல்லாரும் அவரைக் கெட்டவர் என்பார்கள். அப்படி இல்லை. என் கணவரின் அக்கா ஒரு—"

"தேங்க் யூ" என்றது தேர்வாளரின் குரல்.

நேரம் முடிந்துவிட்டது. அந்தத் தேர்வாளர் செய்ததில் தவறே இல்லை. தராசு அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள், ஒரு வினாடிகூடத் தாமதிக்காமல்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி ஆங்கிலத்தில் பேசி அவள் கேட்டதே இல்லை. தமிழில் பேசியும் அதிகம் கேட்டதில்லை. 'வாங்க அக்கா', 'இருக்கட்டும் அக்கா', 'அவர் வெளியே போயிருக்கார் அக்கா'. இத்தனை வருடத்தில் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து தொடர்ந்து இவ்வளவு வார்த்தைகள் கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்த நாள் அவளுக்கும் நினைவிருந்தது. ஆனால் வேறு மாதிரி நினைவிருந்தது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த வாரம் பயிற்சி வகுப்பில் இந்த ஐந்து வார்த்தைகளைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தாள். புதுச் செருப்பு வாங்கிய குழந்தை அதைப் போட்டுக்கொண்டே தூங்குமே, அந்த நிலைமை. பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தபோது அகப்பட்டவள் அந்தப் பெண். விளையாட்டுத்தான். முழுக்க விளையாட்டு என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது. தம்பி அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வையில் அக்கா என்று ஒருத்தி இருப்பதையே மறந்திருந்தான். அதுவும் அந்தக் கேள்விகளில் கொஞ்சம் கலந்திருந்தது. அந்தப் பெண் வாயைத் திறக்கவேயில்லை. அம்மா தண்ணீர்ச் சொம்பை நகர்த்திப் பேச்சை மாற்றினாள். அவர்கள் கிளம்பும்போது அம்மாவிடம், "நல்ல பொண்ணுதான், கொஞ்சம் மக்கு" என்று தராசு சொன்னாள். வாசலில் தம்பி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அதனால் அவனுக்குக் கேட்கவில்லை என்று இத்தனை காலமும் அவள் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கல்யாணம் நடந்தது. ரயிலில் போக வேண்டிய தூரத்தில் அவர்கள் வீடு பார்த்துக்கொண்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. போன் வரும், விசேஷம் என்றால் வருவார்கள், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். அம்மா போன பிறகு வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது தம்பி தையல் மெஷினை மட்டும் கேட்டு எடுத்துப்போனான். வேலை ஜாஸ்தி, அதனால்தான் வருவதில்லை என்று தராசு நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த நினைப்புக்கு மட்டும் அவள் ஆதாரம் கேட்கவில்லை.

இப்போது எதிரில் தாள் காத்திருந்தது. பேச்சின் ஓட்டத்துக்கு எத்தனை?

அந்தத் தொழிலில் மௌனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் வார்த்தை கிடைக்காமல் நின்றால் மதிப்பெண் குறையும். என்ன சொல்வது என்று யோசித்து நின்றால் குறையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியது தேர்வாளர். முதல் தேர்வாளர் பிரித்துப் பார்த்து, வார்த்தை தெரியாமல் தவிக்கிறாள் என்று தீர்மானித்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் தீர்மானிப்பார்கள். ஆங்கில வார்த்தைகளை அடுக்கிவிட்டு அதற்குப் பிறகு பேச்சில்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் வேறு என்னவென்று நினைப்பது? அது வார்த்தை தேடும் மௌனம் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். உறவினரின் பதிவை மதிப்பிடக் கூடாது என்ற விதி தள்ளி வைத்திருப்பதும் அந்த ஒருத்தியைத்தான்.

தெரியாததுபோல மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டால்? எண்ணுக்குப் பின்னால் யார் என்று யாருக்கும் தெரியாது. தராசு தேறுவதற்குரிய எண்ணை எழுதப் போனாள். பரிதாபத்தில் எழுதுகிறேனோ என்று கை நின்றது. ஒன்று குறைத்துப் போடலாமா என்று பார்த்தாள். பரிதாபப்படவில்லை என்று காட்டிக்கொள்ள அவளைக் குத்துகிறேனோ என்று மறுபடியும் நின்றது. ஊருக்கெல்லாம் எடை போட்டவளுக்குத் தன் கையைத் தானே நம்ப முடியவில்லை. கடைசியில் திருப்பி அனுப்பும் தாளை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'உறவினர்' என்பதில் குறியிட்டாள். அதன் கீழே குறிப்புக்கென்று இரண்டு வரி காலியாக இருந்தது. 'இந்த மௌனங்களை மொழிக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று எழுதலாம். எழுதினால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அடுத்த தேர்வாளரின் மனதை மாற்றப் பார்த்தாள் என்று பெயர் வரும். எழுதவில்லை. நேர்மை என்று அதைச் சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம், அந்த நேரத்தில் இரண்டும் ஒரே எடையில்தான் இருந்தன.

மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்தே போனார். "நீங்க சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போகுது? இருந்தும் சொன்னீங்க பாருங்க. புதுசா வர்றவங்களுக்கு உங்களைத்தான் உதாரணமா காட்டணும்."

"இது யார்கிட்ட போகும்?" என்றாள் தராசு.

"இன்னைக்கு மாடியில வேற யாரு இருக்கா? நம்ம கத்தரிதான்."

கத்தரி என்பவர் கெட்டவர் இல்லை. மையத்திலேயே பழைய ஆள். ஒலிப்பதிவைக் கேட்கும்போது ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் ஒரு விரலை மடக்குவார், கடைசியில் மடங்கிய விரல்களைப் பார்த்து மதிப்பெண்ணைக் கத்தரிப்பார். அதனால் அந்தப் பெயர். தராசு தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவருடைய அறைக்கு எதிரில் நின்றுகொண்டாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது சலவை, படுக்கை விரிப்பு ஓடிக்கொண்டிருக்கும். விரல்கள் நீட்டியபடியே இருந்தன. ஒரு தடவை தலையைக்கூட ஆட்டினார். பிறகு அவர் புருவம் சுருங்கியது. தராசுக்கு அது எந்த இடம் என்று தெரியும். சுண்டுவிரல் மடங்கியது. மௌனம் நீள நீள அடுத்த விரலும் மடங்கியது. ஒரே மௌனத்துக்கு இரண்டு விரல். அவர் தொழில் நியாயப்படி அது சரிதான்.

கதவைத் தட்டினால் போதும். கண்ணைத் திறந்து பார்ப்பார், என்ன என்று கேட்பார். கையில் காகிதக் கோப்பை இருந்தது. தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. தீர்ந்த கோப்பையை வாயில் வைத்தபடி, மூன்றாவது விரல் மடங்கும் வரை அவள் நின்றாள். பிறகு தன் அறைக்குப் போய் அடுத்த பதிவைக் கேட்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரின் கடைக்குப் போனாள். அவர் கடையைச் சாத்தும் முன் லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். யார், என்ன என்று ஒன்றும் சொல்லாமல் கேட்டாள்.

"எழுத்தைப் படிக்கச் சொல்றீங்க. ஒருத்தர் வாயே திறக்கலை. என்ன பண்ணுவீங்க?"

"லென்ஸை மாத்திப் போடுவேன்."

"அப்பவும் பேசலை."

"எழுந்து பக்கத்துல போய் என்னம்மா ஆச்சுன்னு கேட்பேன். சில பேருக்குக் கண்ணுல தண்ணி நிக்கும். அப்படி இருந்தா எந்த லென்ஸ் போட்டாலும் எழுத்து தெரியாது." அவர் துணியை உதறினார். "ஏன், இன்னைக்கு யாராவது அழுதாங்களா?"

"தெரியலை" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே அவருக்குப் புதுசு. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

முடிவு வெளியாகிற காலம் வரை பொறுத்திருந்து, பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். மழை, விலைவாசி, அவன் முழங்கால் வலி என்று சுற்றி வளைத்துவிட்டு, "அவ எப்படி இருக்கா, வேலையெல்லாம்?" என்று கேட்டாள்.

"அதே வேலைதான். இங்கிலீஷ் பரீட்சை எழுதினா. போச்சு. எதிர்த்துக் கேட்டுப் பார்த்தோம், அதுவும் போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. நான் இந்த வேலைலதானே இருக்கேன்."

தம்பி சிரித்தான். அதில் கோபம் இல்லை, அதுதான் அவளை என்னவோ செய்தது. "உங்கிட்டயா? உனக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. இப்ப நான் சொல்லிட்டேன், நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தராசு ரயில் ஏறினாள். தம்பிக்கு அன்று வேலை இருக்கிறது என்று தெரிந்துதான் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்து ஒரு நொடி திகைத்துவிட்டு, "வாங்க அக்கா" என்றாள். சலவைப் பிரிவின் நீலச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. இரண்டே அறை. கொடியில் கிடக்க வேண்டிய துணிகள்கூட மடித்து, மூலைக்கு மூலை பொருத்தி, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷின். மடக்கி, மேலே ஒரு துணி விரித்திருந்தது.

"மேசை வைக்க இடமில்லைக்கா. இதுலதான் வச்சு சாப்பிடறோம்" என்று அதன் முன்னால் நாற்காலியைப் போட்டாள். தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மிதி இருந்த பக்கம் அவளே உட்கார்ந்துகொண்டாள்.

என்னென்னவோ பேசினார்கள். தம்பியின் உத்தரவை மீறி, தராசுதான் கடைசியில் பரீட்சையை எடுத்தாள். "தம்பிகிட்ட கோவிச்சுக்காதே, வாய் தவறிச் சொல்லிட்டான். மறுபடி எழுதிப் பாரேம்மா. இந்தத் தடவை கிடைச்சிடும்."

"வேண்டாங்கா, போதும்." அவள் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "மடிக்கிற வேலைல யாரும் எதுவும் கேட்கறதில்லை. நிம்மதியா இருக்கு."

"நீ நல்லா பேசுவே. எனக்குத் தெரியும்."

"நான் பேசி நீங்க எங்கக்கா கேட்டீங்க?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கேட்டேன், இந்தக் காதால் கேட்டேன், நீ தேற வேண்டியவள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் விதியை மீறியதாகும். விதிகூடப் போகட்டும். கேட்டுவிட்டு என்ன செய்தீர்கள் அக்கா என்று இவள் கேட்டால் அதற்குப் பதில் வேண்டும். 'உறவினர்' என்று ஒரு தாளில் குறியிட்டேன் என்றா சொல்வது? தண்ணீர் குடித்துக்கொண்டே நின்றேன் என்றா?

சொல்லக்கூடியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு, முதல் தடவை நீ நம்ம வீட்டுக்கு வந்தப்ப, நான் உன்னை என்னமோ வார்த்தையெல்லாம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. தப்பு என்மேலதான்."

"என்ன வார்த்தைக்கா?"

"இங்கிலீஷ் வார்த்தை. அஞ்சு."

தம்பி மனைவி யோசிப்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். பிறகு நன்றாகச் சிரித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "அட, இதையா இவ்வளவு நாள் மனசுல வச்சிருக்கீங்க? எனக்கு மறந்தே போச்சுக்கா."

மேசைக்கு அடியில் மெல்லக் கீச் என்றது. பிறகு மறுபடியும்.

தராசு குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆதாரம் எங்கே என்று வாழ்நாளெல்லாம் கேட்டவளுக்கு அது காலடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காட்ட இப்போது வழியில்லை. அவள் அந்த மௌனத்தை நிறுத்தவில்லை. 'தேங்க் யூ' என்று சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவில் பாதியில் அறுந்த அந்த வாக்கியத்தை இந்த ஒரு தடவையாவது முடித்துவிடுவாளோ என்று காத்திருந்தாள். எதிரில் இருந்தவள் சிரித்த முகத்தோடு விரிப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

"டீ ஆறிடுதுக்கா, குடிங்க."

"சரிம்மா" என்று தராசு கோப்பையை எடுத்தாள். "அவனுக்கு முழங்கால் வலி இப்ப தேவலையா?"

"பரவாயில்லைக்கா. மாடி ஏறும்போதுதான் கொஞ்சம்..." என்று அவள் சொல்லத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான் சக்கரம் நின்றது.